பாக் நீரிணையின் போதைத் தடமும் மிகையளவு மரணங்களும்: ஒரு வரலாற்று ஆய்வு

இராமநாதபுரம் கடற்கரையில் போதைப்பொருள் பற்றிய செய்தி பெரும்பாலும் எடைக் கணக்காகவே வெளிவருகிறது. 2024 மார்ச்சில், இலங்கைக்குக் கொண்டுசெல்லப்படவிருந்த 99 கிலோ ஹசீஷை மண்டபத்தை ஒட்டிய மன்னார் வளைகுடாவில் கடலோரக் காவல்படையும் வருவாய்ப் புலனாய்வுத் துறையும் கைப்பற்றின. ஆனால் கஞ்சாப் பிசினான ஹசீஷ் மூச்சை நிறுத்துவது அரிது. நிறுத்துபவை அபின்வகைப் பொருள்கள். பிடிபட்ட எடையைக் கொண்டு மரணத்தை அளக்க முடியாது. தடைகளும் சந்தையும் போதைப்பொருளின் வடிவத்தை மாற்றிவந்தன, வடிவம் மாறமாறச் சாவு எளிதாயிற்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அபினிலிருந்து ஹெராயினுக்கு

1878 அபின் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற கடைகளில் அபின் விற்கப்பட்டது. விழுங்கும் அபின் மெதுவாக உடலில் ஏறும். 1949இல் கூடிய அகில இந்திய அபின் மாநாடு, மருத்துவம் சாராத பயன்பாட்டைப் பத்தாண்டுகளில் ஒழிக்க முடிவெடுத்தது. 1980களில் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பகுதிகளிலிருந்து ஹெராயின் பெருகி வந்தது. இலங்கை 1984இல் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையை அமைத்தது. இந்தியா 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலான தூரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். பீடி இலையும் மஞ்சளும் கடத்தப்படும் அதே கடல்வழியில் போதையும் சேர்ந்துகொண்டது.

ஊசியும் மாத்திரையும்

1990களில் சென்னையில் ஹெராயின் பழக்கத்திலிருந்த பலர் புப்ரினார்பின் ஊசிக்கு மாறினர். அதோடு தூக்க மருந்துகளையும் கலந்து ஏற்றினர். 2005 முதல் 2008 வரை அங்கு ஊசிவழிப் போதை ஏற்றுவோர் 1,158 பேரை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தனர். 85 பேர் இறந்தனர். அவர்களில் 22 பேரின் மரணத்துக்குக் காரணம் மிகையளவு. எய்ட்ஸால் இறந்தவர்கள் 14 பேர். பின்னாளில் டேபென்டடால் போன்ற வலி மாத்திரைகளைக் கரைத்து நரம்பில் ஏற்றும் வழக்கம் தமிழ்நாட்டு இளைஞரிடம் பரவியது. நரம்பு வலிக்கான பிரீகாபலின் மாத்திரைகள் இங்கிருந்து படகில் மன்னார்ப் பக்கம் போகின்றன. அபின்வகையோடு சேர்ந்தால் இவை மூச்சை ஆபத்தாகத் தளர்த்தக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019இல் எச்சரித்தது.

உயிர் போகும் விதம்

அபின்வகைப் பொருள் மூளைத்தண்டில் மூச்சை இயக்கும் பகுதியை மந்தமாக்குகிறது. மதுவோ தூக்க மருந்தோ சேர்ந்தால் அந்த மந்தம் பெருகும். சிறையிலோ மறுவாழ்வு மையத்திலோ சில வாரங்கள் விலகியிருந்தவரின் தாங்குதிறன் குறைந்துவிடும். வெளியே வந்து பழைய அளவை ஏற்றினால் அதுவே கொல்லும். நலாக்சோன் ஊசியை உடனே போட்டால் பெரும்பாலும் மீட்கலாம். ஆனால் உடனிருப்பவர் போலீசுக்குப் பயந்து ஓடுகிறார். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் உட்கொள்வதையே குற்றமாக்கும் 27ஆம் பிரிவை ஊரே அறியும். தாமாக சிகிச்சைக்கு வருபவருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்புத் தரும் 64ஏ பிரிவை அறிந்தவர் சிலரே.

பதிவின் குறை

2019இல் வெளியான தேசிய ஆய்வு, ஊசிவழிப் போதை ஏற்றுவோர் ஏறத்தாழ 8.5 லட்சம் பேர் என மதிப்பிட்டது. 2022இல் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் நாடு முழுவதிலும் பதிவு செய்த மிகையளவு மரணங்கள் 681. சென்னை ஆய்வில் கண்ட மிகையளவு மரண விகிதம் எல்லா ஊருக்கும் பொருந்தாது. என்றாலும் அதில் பாதியே உண்மையென்று கொண்டாலும் மரணங்கள் ஆயிரக்கணக்கில் வரும். சந்தேக மரண விசாரணையில் உடற்கூறாய்வு நடக்கிறது, உள்ளுறுப்புகள் தடய ஆய்வகத்துக்குப் போகின்றன. அறிக்கை தாமதமானாலோ, பெயர் கெடுமென்று அஞ்சிக் குடும்பம் மறைத்தாலோ உண்மைக் காரணம் பதிவேட்டில் ஏறாது.

முடிவுரை

கடத்தலைத் தடுப்பது தேவை; ஆனால் ஒன்றை அடைக்க, அதைவிடக் கொடியது அந்த இடத்துக்கு வருவதையே இவ்வரலாறு காட்டுகிறது. இம்மாவட்டத்தில் இளம் வயதில் நேரும் ஒவ்வொரு சந்தேக மரணத்திலும் எந்தப் பொருள், எதனோடு கலந்தது, எத்தனை நாள் இடைவெளிக்குப் பின், உடனிருந்தவர் ஏன் உதவி கேட்கவில்லை என்ற கேள்விகள் கட்டாயம் கேட்கப்பட வேண்டும். இராமேஸ்வரம், மண்டபம், தொண்டி மருத்துவமனைகளிலும் 108 வண்டிகளிலும் நலாக்சோன் எப்போதும் இருக்க வேண்டும். இறந்தவர் எப்படி இறந்தார் என்று கேட்கத் துணிந்தால்தான் அடுத்தவரைக் காப்பாற்ற முடியும்.