பனிக்காலத்துலயும் பச்சை: லெனின்கிராடும் பைன் இலைச்சாறும்



ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி. 1941 நவம்பர் 20 முதல் லெனின்கிராடு நகரத்துல ஒரு குழந்தைக்குக் கிடைத்த ரேஷன் அவ்வளவுதான். அந்த ரொட்டியிலும் மாவோடு மரக்கூழைக் கலந்திருந்தார்கள்.

இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்தான் அன்றைய லெனின்கிராடு. 1941 செப்டம்பர் 8 அன்று ஜெர்மன் படை அந்த நகருக்கான தரைவழியை அடைத்தது. முற்றுகை முழுசா விலக 1944 ஜனவரி ஆயிற்று. மொத்தம் 872 நாட்கள்.

காய்கறி இல்லை, பழம் இல்லை. அடுத்து என்ன வரும்? ஸ்கர்வி.

வைட்டமின் சி இல்லாமல் நம் உடம்பால் உறுதியான கொலாஜன் செய்ய முடியாது. தோல், ஈறு, ரத்தக்குழாய் எல்லாத்தையும் இழுத்துப் பிடிக்கும் கயிறு மாதிரியான புரதம் அது. அந்தக் கயிறு நைந்தால் ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும், ஆறிப்போன பழைய புண் கூட மறுபடி திறக்கும். கடைசியில் மரணம். ஆடு மாடுகள் இந்த வைட்டமினைத் தாங்களே உடம்புக்குள் தயாரித்துக் கொள்ளும். மனிதர்களாகிய நமக்கு அந்த வசதி கிடையாது. சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும்.

பனியில் உறைந்த ஊர்ல அதுக்கு எங்கே போவது?

பதில் நகரத்தைச் சுற்றியிருந்த காட்டில் நின்றது. ஸ்காட்ஸ் பைன். ஸ்காட்லாந்திலிருந்து சைபீரியா வரை பரவியிருக்கும் மரம். மணல், பாறை, சதுப்பு எதிலும் வளரும். மேல்மரத்தின் பட்டை செம்மஞ்சள் நிறத்தில் இருக்கும், ஊசி இலைகள் இரண்டிரண்டாக இருக்கும். இதன் பலகையில் வீடு கட்டினார்கள், இதன் தாரைப் பூசிக் கப்பல் விட்டார்கள், பஞ்சகாலத்தில் பின்லாந்து மக்கள் உள்பட்டையை மாவாக்கி ரொட்டியில் சேர்த்தார்கள்.

பல மரங்கள் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும்போதும் இது பச்சையா இருக்கும். ஊசி இலையின் மேலே மெழுகுப் பூச்சு, அதனால் நீர் அதிகம் வெளியேறாது. ஒரு இலை இரண்டு மூன்று வருஷம் கூட மரத்தில் தங்கும். உயிருள்ள அந்த இலைக்குள் நடுக்குளிரிலும் வைட்டமின் சி இருக்கும்.

இந்த அறிவு புதிதல்ல. 1535-36 குளிர்காலத்தில், இன்றைய கியூபெக் பக்கம் பனியில் மாட்டிக்கொண்ட பிரெஞ்சு மாலுமி ஜாக் கார்த்தியேவின் ஆட்களில் 25 பேர் ஸ்கர்வியால் இறந்தார்கள். அந்த மண்ணின் மக்கள் ஒரு பசுமைமாறா மரத்தின் இலையும் பட்டையும் போட்டுக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் பிழைத்தார்கள். அது எந்த மரம் என்று தாவரவியலாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். ஐரோப்பாவோ அந்தப் பாடத்தை மறந்தது. அதன் பிறகும் பல தலைமுறை மாலுமிகள் ஸ்கர்வியில் செத்தார்கள்.

லெனின்கிராடு மறக்கவில்லை. நகரின் வைட்டமின் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் முறையை எளிமையாக்கினார்கள். இலையைக் கழுவி, நசுக்கி, லேசாக அமிலம் சேர்த்த தண்ணீரில் ஊறவைத்து வடிகட்ட வேண்டும். அமிலம் எதற்கு? வைட்டமின் சி சீக்கிரம் கெடாமல் இருக்க. பசியால் துவண்ட தொழிலாளர்களே காட்டுக்குப் போய் இலை பறித்தார்கள். தொழிற்சாலை, மருத்துவமனை, பொதுச் சமையலறை எங்கும் அந்தக் கசப்புச் சாறு கொடுக்கப்பட்டது.

இங்கே ஒரு மருத்துவனாக ஒன்றைச் சொல்லியே ஆகணும். பைன் சாறு ஸ்கர்வியைத் தடுத்தது, பசியைத் தடுக்கவில்லை. அந்த முற்றுகையில் பல லட்சம் பேர் பட்டினியால் இறந்தார்கள். வைட்டமின் சோறு ஆகாது. புரதமும் மாவுச்சத்தும் கொழுப்பும் இல்லாத உடம்பை எந்த மூலிகையும் காப்பாற்றாது. "இந்த ஒரு இலை போதும், எல்லா நோயும் போகும்" என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் லெனின்கிராடை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. மலைப்பக்கம் சுற்றுலா போகும்போது ஊசி இலையைப் பறித்து டீ போட்டுக் குடிக்காதீங்க. பார்வைக்கு இதே மாதிரி இருக்கும் யூ மர இலை இதயத்தையே நிறுத்திவிடும் விஷம்.

நமக்கு அந்தத் தேவையும் இல்லை. ஒரு கொய்யாப்பழம் ஒரு நாள் வைட்டமின் சி தேவைக்கு மேலேயே கொடுக்கும். நெல்லிக்காயும் அப்படித்தான். ஒரு ஊரே காட்டுக்குப் போய்த் தேடியது, நம்ம தெருமுனைத் தள்ளுவண்டியில் கிடைக்குது. வீட்டில் சரியாகச் சாப்பிடாத பெரியவருக்கு ஈறில் ரத்தம் கசிந்தால், பல் பிரச்சனை என்று மட்டும் விட்டுவிடாமல், தட்டில் பழமும் காயும் இருக்கிறதா என்றும் பாருங்கள். டாக்டரிடமும் காட்டுங்கள்.