கமான்: வில் செய்த கைகளின் வரலாறு

பெங்களூர் நெடுஞ்சாலையில் தமிழக எல்லையை ஒட்டி, ஓசூருக்கு அடுத்து அமைந்திருப்பது ஜூஜுவாடி. சோதனைச் சாவடியும் சிப்காட் ஆலைகளும் லாரிப் பட்டறைகளும் நிறைந்த இவ்வட்டாரத்தில் ‘கமான்’ என்னும் சொல் நாள்தோறும் புழங்குகிறது. லாரியின் பாரத்தைத் தாங்கும் எஃகுப் பட்டைகளின் அடுக்கைக் கமான் பட்டை என்பர். எல்லைக்கு அப்பால் கன்னடம் பேசுவோர் வாசல் வளைவையும் ‘கமானு’ என்றே அழைக்கின்றனர். பாரசீகத்திலிருந்து வந்த இச்சொல்லின் மூலப்பொருள் வில் என்பதாகும். தமிழும் இவ்வாறே நினைத்தது. அடியில் எஃகுப் பட்டை பொருத்திய மாட்டு வண்டிக்கு நம் முன்னோர் வைத்த பெயர் வில்வண்டி.

இது வெறும் பெயர் ஒற்றுமை அன்று. கமான் அடுக்கைக் கவனித்தால், நீண்ட பட்டைக்குக் கீழே நீளம் குறைந்துகொண்டே வரும் பட்டைகள் இருப்பதைக் காணலாம். நடுவில் கனம், ஓரங்களில் மெலிவு. வளையும் பொருளில் அழுத்தம் ஓரிடத்தில் குவியாமல் எங்கும் சீராகப் பரவ வேண்டுமாயின் இந்த வடிவமே தகுந்தது. மரவில் செய்தவர்கள் இதனைச் சூத்திரம் எழுதாமலேயே அறிந்திருந்தனர். பிடியருகே தடித்தும் நுனிநோக்கி மெலிந்தும் வரும்படி வில்லைச் செதுக்கினர்.

வில்வித்தைக்கு மார்க்கத்தில் உள்ள இடம் நமக்குப் புதியதன்று. ஸூரத்துல் அன்ஃபாலின் 60ஆம் வசனத்தில் வரும் ‘வலிமை’ என்பதற்கு அம்பெய்தல் என்று நபி (ஸல்) அவர்கள் மும்முறை விளக்கம் அளித்ததை உக்பா இப்னு ஆமிர் (ரலி) அறிவிக்க, ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. இந்த ஹதீஸைச் சொல்லி நம் பிள்ளைகளை வில்வித்தைப் பயிற்சிக்கு அனுப்புவோர் இன்று பெருகி வருகின்றனர், நல்லதே. ஆனால் அதே நபித்தோழர் வாயிலாக அபூதாவூதிலும் திர்மிதீயிலும் வரும் மற்றொரு செய்தியை நாம் குறைவாகவே கேட்கிறோம். ஓர் அம்பின் பொருட்டு மூவர் சுவனம் புகுவர்; நன்மையை நாடி அதைச் செய்தவர், அதை எய்தவர், அதை எடுத்துக் கொடுத்தவர் என்பது அதன் கருத்து. அறிவிப்பாளர் தொடர் குறித்து ஹதீஸ் கலை அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் முஸ்லிம் சமூகம் நூற்றாண்டுகளாக இச்செய்தியை நினைவில் வைத்தே வில்லையும் அம்பையும் செய்தது. இதில் செய்தவர் எய்தவருக்கு முன்பாகவே குறிப்பிடப்படுகிறார். பட்டறையில் வேலை செய்யும் இளைஞருக்குப் பெண் கொடுக்கத் தயங்குகின்ற நம் குடும்பங்கள் இவ்வரிசையைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

உஹுத் போரில் நபி (ஸல்) அவர்களைத் தம் கேடயத்தால் மறைத்து நின்ற அபூதல்ஹா (ரலி), வலுவாக நாணை இழுத்ததால் அன்று இரண்டு அல்லது மூன்று விற்கள் முறிந்தன என்று ஸஹீஹுல் புகாரி கூறுகிறது. அவருடைய தோள்வலிமைக்குச் சான்றாகவே இதனைப் பேசுவது வழக்கம். வில் செய்பவர் கண்கொண்டு நோக்கினால் இது மரத்தின் எல்லையையும் காட்டுகிறது.

வில் வளையும்போது எய்பவருக்கு அப்பால் உள்ள முதுகுப்புறம் இழுபடுகிறது. அவரை நோக்கிய வயிற்றுப்புறம் நசுங்குகிறது. வலுக்கூட்ட எண்ணி வில்லின் கனத்தை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும். ஆனால் அதே அளவு வளைக்கும்போது மேற்பரப்பின் இழுவிசையும் இரட்டித்து, முதுகில் நார் பிய்ந்து வில் முறியும். அகலத்தை இரட்டித்தாலோ விறைப்பு இரு மடங்காகும். மேற்பரப்புக்குக் கூடுதல் துன்பம் இல்லை. ஆகவே தேர்ந்த வினைஞர் கனத்தை நம்பாமல் அகலத்தையும் நீளத்தையும் நம்பினார். நுனிகளை இயன்றவரை இலேசாக்கினார். நுனி கனத்தால் அம்புக்குச் சேரவேண்டிய ஆற்றலை வில்லின் கைகளே விழுங்கிவிடும். முதுகுப்புறத்தில் ஒரே ஆண்டு வளையத்தின் நார் அறுபடாமல் ஓடவிட்டு, வயிற்றுப்புறத்தை மட்டுமே சீவிச் சீவி, இரு கைகளும் ஒத்து வளையும்வரை பொறுமை காத்தார். வில்லின் தரம் பெரிதும் இந்தக் கடைசிச் சீவலில்தான் இருக்கிறது என்பது எம் கருத்து.

மரத்தேர்வும் அத்தகையதே. அரபியர் வில்லுக்கு உயர்வாகப் போற்றிய மரம் ‘நப்உ’. மலையுச்சியில் வளர்ந்தால் நப்உ, சரிவில் வளர்ந்தால் ஷிர்யான், அடிவாரத்தில் வளர்ந்தால் ஷவ்ஹத் என்று ஒரே மரத்துக்கு மூன்று பெயர் கூறுவோரும் உண்டு. ஈரம் குறைந்த உச்சியில் மெல்ல வளர்ந்த மரமே அவர்கள் மதிப்பில் சிறந்தது. இதனை அறிஞர்கள் ‘கிரேவியா’ என்னும் தாவரப் பேரினத்தில் சேர்க்கின்றனர். அதே பேரினத்தைச் சேர்ந்த சடச்சி மரம் நம் நாட்டு வறண்ட காடுகளிலும் வளர்கிறது. வளைந்து கொடுக்கும் தன்மைக்குப் பெயர்பெற்ற அம்மரத்துக்கு வடமொழியில் வில்லின் பெயரையே சூட்டியுள்ளனர்.

தனிமரத்தால் இயலாததைப் பிற பொருள்களின் கூட்டு சாதித்தது. நடுவே மெல்லிய மரம், வயிற்றுப்புறத்தில் எருமைக்கொம்பு, முதுகுப்புறத்தில் விலங்கின் தசைநாண் நார், இவற்றைப் பிணைக்கத் தசைநாணிலும் மீனிலும் காய்ச்சிய பசை. கொம்பு நசுக்கலைத் தாங்கும். நார் இழுப்பைத் தாங்கும். ஆகையால் இங்கிலாந்தின் மரவில் ஏறத்தாழ ஆள் உயரத்துக்கும் மேலாக இருக்க வேண்டியிருந்தபோது, கூட்டுவில்லைக் குதிரைமேல் அமர்ந்து எய்யும் அளவுக்குச் சுருக்க முடிந்தது. நாண் கழற்றினால் அது முன்புறமாகத் திரும்பி வளைந்துகொள்ளும். பசை காய்வதற்கு மட்டும் மாதங்கள் பிடிக்கும். ஒரு வில் முடிய ஓராண்டுக்கு மேலும் ஆகும். எகிப்தில் மம்லூக்குகள் காலத்தில், 1368ஐ ஒட்டித் தைபுகா அல்பக்லமிஷி வில்வித்தைக்கென்றே ஒரு நூல் இயற்றினார். 1453இல் கான்ஸ்டாண்டிநோபிளை வென்ற சுல்தான் முஹம்மத் அங்கே ஒக்மெய்தானி என்னும் அம்புத்திடலை ஏற்படுத்தினார். தொலைதூரம் சென்ற அம்புகள் விழுந்த இடங்களில் கல்நட்டுப் பெயர் பொறித்தனர். அவற்றுள் 800 மீட்டரைக் கடந்தவையும் உண்டு.

இந்தக் கூட்டுவில் சுல்தான்களோடும் முகலாயரோடும் இந்தியாவில் பரவியபோது ஒரு சிக்கல் எழுந்தது. நம் மழைக்காலம் அந்தப் பசைக்குப் பகை. ஈரம் ஏறினால் வில் தளரும், ஒட்டுவிடும். எனவே ஆயுதச் சாலைகளில் நெடுநாள் கெடாமல் இருக்க முழுதும் எஃகாலான விற்களையும் இங்கு வடித்தனர். எஃகு கனமானது, அம்பின் வேகத்தில் கூட்டுவில்லுக்கு அது ஈடாகாது. ஆனால் ஆண்டுக்கணக்கில் தொங்கவிட்டாலும் தேவைப்பட்ட நாளில் கைகொடுக்கும். கமான் என்ற பெயரும் வளையும் எஃகும் ஒன்றாகச் சேர்ந்தது அப்போதே என்று சொல்லலாம்.

இம்மண்ணின் சொந்த வில் அதற்கும் முந்தியது. கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்து நடுகற்களில் இடக்கையில் வில்லும் வலக்கையில் குறுவாளும் ஏந்திய வீரர்களைக் காணலாம். ஆநிரைப் பூசலில் மடிந்தவர்கள் அவர்களுள் பலர். எளியவனின் வில் மூங்கிலால் ஆனது. மூங்கிலின் நெருக்கமான நார் புறத்தோலை ஒட்டியே இருப்பதால், இழுபடும் முதுகை இறைவன் படைப்பிலேயே அமைத்துத் தந்ததுபோல் அது அமைகிறது. பில் பழங்குடியினர் நாணையும் மூங்கில் சீவலிலேயே செய்தனர்.

ஹைதர் அலீ, திப்பு சுல்தான் காலத்தில் இப்பகுதி மைசூர் அரசின் கீழ் இருந்தபோது வில்லின் காலம் முடிந்துகொண்டிருந்தது. இரும்புக் குழாயில் மருந்து அடைத்து, நேராகப் பறக்க மூங்கில் கழியைக் கட்டிய ஏவுகணைகளை அவர்கள் படை எறிந்தது. அதற்குப் பெயர் ‘பான்’. அம்பைக் குறிக்கும் பாணம் என்ற சொல்லே அது. 1791 ஜூலையில் ஓசூர்க் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று.

வில் போனபின் அதைச் செய்தவர்கள் என்ன ஆனார்கள்? வட இந்தியாவிலும் குஜராத்திலும் இவர்களைக் ‘கமான்கர்’ என்றனர், பெரும்பாலும் முஸ்லிம்கள். இந்தி அகராதியில் இச்சொல்லுக்கு வில் செய்பவர், முறிந்த எலும்பைப் பொருத்துபவர், ஓவியர் என மூன்று பொருள்கள் உள்ளன. வளைவும் முறிவும் கட்டும் அறிந்த விரல்கள் எலும்பு கட்டப் போயின. வில்லின்மேல் ஈரம் ஏறாதிருக்க மெருகிட்டு வண்ணம் தீட்டிய விரல்கள், கட்ச் பகுதியில் மாளிகைச் சுவர்களில் பூவும் யானையும் ஊர்வலமும் தீட்டின. கமான்கரி ஓவியம் என்று அதற்கு இன்றும் பெயர்.

மரவில்லும் முற்றாக மறைந்துவிடவில்லை. நம் நாட்டுத் தேசிய வில்வித்தைப் போட்டிகளில் ‘இந்தியன் ரவுண்ட்’ என்றொரு பிரிவு உண்டு; அதில் மூங்கில் அல்லது மர வில்லால்தான் எய்ய வேண்டும். ராஜஸ்தானில் மூங்கில் வில்லோடு வளர்ந்த லிம்பா ராம் 1988இல் ஒலிம்பிக் களம் கண்டார். ராஞ்சிப் பகுதியின் தீபிகா குமாரி சிறுமியாகப் பயிற்சி செய்ததும் வீட்டில் செய்த மூங்கில் வில்லால்தான்.