ஒரே ஜிம், ஒரே பயிற்சி... பலன் மட்டும் ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது?

நீங்களும் உங்கள் ஆபீஸ் நண்பரும் ஒரே நாளில் ஜிம்மில் சேருகிறீர்கள். ஒரே டிரெய்னர், ஒரே பயிற்சி. மூணு மாசம் கழித்து அவர் அலட்டிக்கொள்ளாமல் 5 கிலோமீட்டர் ஓடுகிறார். உங்களுக்கோ இரண்டாவது மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. 'நம்ம உடம்பு வாகே அப்படித்தான்' என்று விட்டுவிடலாமா? அவசரப்படாதீங்க. இதில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. ஆனால், அது முழுக் கதை இல்லை.

மரபணுவின் பங்கு எவ்வளவு?

அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த 'ஹெரிடேஜ்' ஆய்வு இதற்குப் பதில் தேடியது. உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத 98 குடும்பங்களைச் சேர்ந்த 481 பேருக்கு 20 வாரங்கள் ஒரே மாதிரி சைக்கிள் பயிற்சி தரப்பட்டது. முடிவு 1999-ல் வெளியானது.

கடும் உழைப்பின்போது உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்பதுதான் அளவுகோல். இது சராசரியாக 400 மில்லிலிட்டர் உயர்ந்தது. ஆனால், சிலருக்கு 1,000 மில்லிலிட்டருக்கும் மேல் ஏறியது, சிலருக்கு ஏறக்குறைய நகரவே இல்லை. இந்த ஏற்றத்தாழ்வில் அதிகபட்சம் 47 சதவீதம் பரம்பரை சார்ந்தது என்று கணக்கிட்டார்கள். ஒரே வீட்டில் வளர்ந்த பழக்கவழக்கங்களின் தாக்கமும் இந்த எண்ணுக்குள் கலந்திருக்கலாம்.

'ஃபிட்னஸ் ஜீன்' என்று ஒன்று இருக்கிறதா?

அப்படி ஒற்றை ஜீன் கிடையாது. பல மரபணுக்கள் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்களிக்கின்றன. அதிகம் பேசப்படுவது ஏ.சி.டி.என்.3. வேகமாகச் சுருங்கும் தசை இழைகளில் உள்ள ஒரு புரதத்தை இது உருவாக்குகிறது. உலகில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு அந்தப் புரதமே இல்லை. அவர்களும் நன்றாகத்தான் நடக்கிறார்கள், ஓடுகிறார்கள், எடை தூக்குகிறார்கள். உச்ச நிலை ஸ்பிரிண்ட் வீரர்களிடம் வேண்டுமானால் இந்த வித்தியாசம் தெரியும். நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை.

அப்போ டி.என்.ஏ டெஸ்ட்?

எச்சிலை அனுப்பினால் 'உங்கள் ஜீனுக்கேற்ற ஒர்க்-அவுட்' தருவதாகச் சொல்லும் விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். தனிநபருக்குப் பயிற்சியைப் பரிந்துரைக்க இந்த டெஸ்ட்களைப் பயன்படுத்தக் கூடாது என்று 2015-லேயே விளையாட்டு மருத்துவ நிபுணர்கள் கூட்டாக அறிவித்தார்கள். அந்தக் காசுக்கு நல்ல ஷூ வாங்கலாம்.

பலனே தெரியலைன்னா என்ன செய்வது?

2017-ல் வெளியான சூரிச் பல்கலைக்கழக ஆய்வு இங்கே முக்கியம். 78 பேர் ஐந்து குழுக்களாகப் பிரிந்து, வாரத்துக்கு 1 முதல் 5 முறை, தலா ஒரு மணி நேரம் என 6 வாரங்கள் பயிற்சி செய்தார்கள். வாரம் ஒருமுறை செய்தவர்களில் 69 சதவீதம் பேருக்கு முன்னேற்றம் இல்லை. இருமுறை என்றால் 40, மும்முறை என்றால் 29 சதவீதம். நான்கு, ஐந்து முறை செய்தவர்களில் முன்னேறாதவர் ஒருவர்கூட இல்லை. பலன் கிடைக்காதவர்களுக்கு வாரம் இரண்டு முறை கூடுதலாகச் சேர்த்து மேலும் 6 வாரங்கள் கொடுத்தபோது, அவர்கள் எல்லோருமே முன்னேறினார்கள். அதாவது, பல நேரங்களில் குறை உடம்பில் இல்லை, பயிற்சியின் அளவில்தான்.

எடை மெஷினை மட்டும் நம்பலாமா?

வேண்டாம். சென்னையைச் சேர்ந்த டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 இந்தியர்களை ஆராய்ந்து 2006-ல் முடிவுகளை வெளியிட்டது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 3 ஆண்டுகளில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவை மாற்றி, தினமும் நடந்தவர்களில் அது 39.3 சதவீதம்தான். இத்தனைக்கும் அவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை!

எனவே, வாரத்துக்கு 150 நிமிட வேக நடை, இரண்டு நாள் தசைப் பயிற்சி என்று தொடங்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், சர்க்கரை, ஓய்வு நேர நாடித்துடிப்பு ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். முன்னேற்றம் தெரியாவிட்டால் இன்னும் ஒரு நாளைச் சேருங்கள். நண்பரோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு, மூணு மாசத்துக்கு முந்தைய உங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.