மறுமொழி பெறாத பேச்சு

பெண் எழுத்தாளர்களின் முகநூல் உட்பெட்டியில் குவியும் ‘சாப்பிட்டாச்சா?’, ‘இன்னும் தூங்கவில்லையா?’, ‘இந்தக் கவிதை யாருக்காக?’ போன்ற செய்திகளைப் புதிய தொழில்நுட்பம் தந்த தொல்லை என்றே பலரும் கருதுகின்றனர். கருவி புதிதுதான். அதை ஏந்தி நிற்கும் ஆணைத் தமிழ் இலக்கணம் எப்போதோ அடையாளம் கண்டுவிட்டது.

தொல்காப்பிய அகத்திணையியல் கைக்கிளையை விளக்கும் இடத்தை நோக்குக. காமத்துக்குரிய பருவம் எய்தாதவளிடம் ஒருவன் பேசுகிறான், மறுமொழி வரவில்லை, ஆயினும் தான் பேசியதிலேயே இன்பம் காண்கிறான். அவளுடைய பதிலே தேவைப்படாத இன்பம் அது. அடுத்த படி மடலேறுதல். பெண்ணின் உருவம் தீட்டிய கிழியுடன் பனைமடல் குதிரையில் தெருவுக்கு வருபவன், ஊர்ப்பழிக்கு அஞ்சியேனும் அவளைத் தனக்குத் தரவேண்டும் என்கிறான். அவ்வாறு ஏறிய மடலைத் தொல்காப்பியர் பெருந்திணையில் சேர்த்தார். இரண்டுமே அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நின்றவை.

எழுதும் பெண்ணுக்கு இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையைப் பாரியின் பறம்பு என்பர். பாரியின் நண்பரான கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தோழியாக நின்று பேசினார். வேறு பல பாடல்களில் தலைவியாக ஏங்கினார். அந்த ஏக்கத்தைக் கபிலரின் சொந்த ஏக்கமாக எவரும் வாசித்ததில்லை. வெள்ளிவீதியாரின் தலைவி ஏங்கினால் மட்டும் அது அவர் வாழ்க்கைக் கதையாகிவிட்டது. அகநானூறு 147ஆம் பாடலில் ஔவையார் வெள்ளிவீதியின் அலைச்சலை உவமையாக்கியது அவ்வாசிப்புக்கு வலுச்சேர்த்தது.

2002இல் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ வெளிவந்தபோதும் இதுவே நிகழ்ந்தது. விவாதம் கவிதையை விட்டுக் கவிஞரின் ஒழுக்கத்துக்கு நகர்ந்தது, வசைகள் தொடர்ந்தன. பாராட்டுப் போர்வையில் வரும் சரசமும் அந்த வசையும் ஒரே தவறான வாசிப்பின் இரு கிளைகள்.

காரைக்குடியில் எழுதும் கவிஞர் ஒருவர், தம் கவிதைகளில் ‘நான்’ என்று எழுதுவதையே நிறுத்திவிட்டதாக என்னிடம் கூறினார். பதில் அளித்தால் ஊக்கம் தருகிறாள் என்பார்கள், அளிக்காவிட்டால் திமிர் என்பார்கள் என்றார். இழந்தது அவர் மட்டுமன்று, தமிழும்தான்.

சட்டம் தாமதமாகவே வந்தது. 1998இல் சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர் இறந்ததை அடுத்துத் தமிழக அரசு ஈவ்டீசிங்கைத் தடைசெய்தது. அச்சட்டத்தின் பார்வை சாலை, பேருந்து, கல்லூரி, கோயில் போன்ற பொது இடங்கள் மீதே இருந்தது. பெண்ணைப் பின்தொடர்வதையும், இணையத்தில் கண்காணிப்பதையும் தனிக் குற்றமாக்கிய 354டி பிரிவு 2013இல்தான் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்ந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவாக உள்ளது.

பெண் தன் விருப்பமின்மையைத் தெளிவாகக் காட்டிய பின்னும் திரும்பத் திரும்பத் தொடர்பு கொள்ள முயல்வதையே இப்பிரிவு குற்றம் என்கிறது. காட்டவேண்டிய சுமை இன்னும் அவளிடமே. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது நம் பழமொழி. மறுமொழி இல்லாத இடத்தில் இருப்பது ஒருதலைக் காமமே என்பது நம் இலக்கணம். உட்பெட்டியைத் திறக்கும் ஆண்கள் பழமொழியை மறந்து இலக்கணத்தை நினைவில் கொள்வது நல்லது.