தீக்குச்சித் தாடை

உரசியதும் பற்றிக்கொள்ளும் பாஸ்பரஸ் தீக்குச்சி 1830களில் ஐரோப்பாவில் பரவியது. குச்சிமுனை மருந்தில் இருந்தது வெண்பாஸ்பரஸ். அதன் ஆவியில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்த சிலருக்கு முதலில் பல்வலி வந்தது. பல்லைப் பிடுங்கினால் குழி ஆறாது. ஈறு வீங்கிச் சீழ் வடியும். கடைசியில் தாடை எலும்பே செத்துத் துண்டு துண்டாகக் கழன்று வரும். வியன்னா மருத்துவர் லோரின்சர் 1845இல் இந்நோயை விவரித்தார். சொத்தைப் பல்லும் பல் பிடுங்கிய குழியுமே நோய் நுழையும் வாசல் என்பது விரைவிலேயே புரிந்தது.

லண்டனின் பிரையன்ட் அண்ட் மே ஆலையில் 1888 ஜூலையில் சுமார் 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். பெரும்பாலோர் பெண்கள், சிறுமிகள். அவர்கள் நிலையை முன்னதாகவே எழுதி அம்பலப்படுத்தியவர் அன்னி பெசன்ட், பின்னாளில் அடையாற்றுக்கு வந்த அதே அம்மையார். அபராதமும் குறைந்த கூலியுமே முதன்மைக் குறைகள். ஆனால் தனிச் சாப்பாட்டு அறையும் கேட்டுப் பெற்றார்கள்: வேலையிடத்திலேயே சாப்பிட்டால் ரொட்டியோடு பாஸ்பரசும் வயிற்றுக்குள் போகும். தாடை நோய் கண்ட 17 பேரைப் பற்றி அரசுக்குத் தெரிவிக்காததற்காக 1898இல் நிறுவனம் தண்டிக்கப்பட்டது. அபராதமோ முப்பது பவுனைக்கூட எட்டவில்லை.

ஆபத்தில்லாத செம்பாஸ்பரஸ் தீக்குச்சி அதற்கு வெகுமுன்பே ஸ்வீடனில் தயாராகிக்கொண்டிருந்தது. வெண்பாஸ்பரஸ் மலிவு, அவ்வளவுதான். பின்லாந்து 1872இலும் டென்மார்க் 1874இலும் அதைத் தடை செய்தன. அதைத் தடை செய்யும் பன்னாட்டு பெர்ன் உடன்படிக்கை 1906இல் வந்தது. இந்தியாவில் தடைச் சட்டம் 1913இல் வந்தது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் 1923 வாக்கில்தான் தொடங்கியது என்பதால், அவ்வூர் இந்த நோயிலிருந்து தப்பியது.

மறைந்துபோனதாக நினைத்த நோயின் சாயல் 2003இல் திரும்பியது. பெரும்பாலும் எலும்பைத் தாக்கிய புற்றுநோய்க்காகப் பாமிட்ரோனேட், சோலெட்ரோனேட் ஊசி பெற்ற 36 நோயாளிகளிடம் ஆறாத தாடைப் புண்களைக் கண்டதாக அமெரிக்க அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் எழுதினார். இவை பிஸ்பாஸ்போனேட் வகை மருந்துகள், பாஸ்பரஸ் சேர்மங்கள். எலும்பில் ஒட்டிக்கொண்டு, பழைய எலும்பைக் கரைக்கும் செல்களை முடக்குகின்றன. எலும்பு வலுப்படுவது அதனால்தான். பல் பிடுங்கிய இடத்தில் தாடை தன்னைப் புதுப்பிக்கத் திணறுவதும் அதனால்தான். பாஸ்பரசே இல்லாத டெனோசுமாப் ஊசியும் இதே புண்ணை உண்டாக்கியதால், 2014இல் நோயின் பெயரே ‘மருந்துசார்ந்த தாடை எலும்பு அழிவு’ என்ற பொருளில் மாற்றப்பட்டது. எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரை சாப்பிடுவோரிடம் இது மிக அரிது. புற்றுநோய்க்கான உயர்ந்த அளவில்தான் கூடுதல்.

தீப்பெட்டி ஆலைகளில் தொழிலாளர் பற்களைச் சோதிக்கும் வழக்கம் இருந்தது. இன்று ஊசியைத் தொடங்குமுன் பல் மருத்துவரிடம் அனுப்பி, பிடுங்க வேண்டிய பற்களை முன்கூட்டியே பிடுங்கிவிடுகிறார்கள்.