எலிசபெத் சேவியர் டெயிட்டின் குலம்: ஒரு மார்மன் குடும்ப வரலாற்றைப் பாலக்கோட்டிலிருந்து படித்தல்

1856-இல் அயோவா நகரிலிருந்து மார்மன் சபையினரின் வில்லி கைவண்டிக் குழுவில் யூட்டாவுக்குப் புறப்பட்ட ஏறத்தாழ ஐந்நூறு பேரில் பெரும்பாலோர் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, டென்மார்க் நாட்டவர். அவர்களிடையே பம்பாயில் பிறந்த ஓர் இளம்பெண்ணும் இருந்தார். எலிசபெத் சேவியர் டெயிட் என்பது அவர் பெயர். அவர் பிறந்த குலம் எது என்ற கேள்விக்கு இதுவரை இரண்டு விடைகள் வழங்கிவருகின்றன. வழித்தோன்றல்கள் போற்றிக் காத்த குடும்ப வரலாறு அவரை உயர்சாதியில், செல்வமும் கல்வியும் உள்ள வீட்டில் பிறந்தவர் என்கிறது. இதைப் படித்த பக்தி எழுத்தாளர்கள் அவரை இந்துப் பிராமணப் பெண்ணாகவே ஆக்கிவிட்டனர். ஐயத்தோடு படிக்கும் இன்னொரு சாரார், சேவியர் என்பது போர்த்துக்கீசியக் குடும்பப் பெயர், ஆகவே அவர் கலப்பினத்தவர், சாதிக் கதை பின்னாளில் யூட்டாவில் புனைந்தது என்று முடிவு கட்டுகின்றனர். இந்துப் பிராமணப் பெண் என்பது தவறு என்பதில் எனக்கும் ஐயமில்லை. இரண்டாவது விடையும் அதே அளவு ஆதாரமற்றது, அது பெயரைத் தவறாகப் படிப்பதால் பிறந்தது என்பதே என் வாதம். அந்தப் பெயரைச் சரியாகப் படிக்கத் தேவையான அறிவு யூட்டாவின் ஆவணக் காப்பகங்களைவிடத் தென்னிந்தியக் கத்தோலிக்க ஊர்களில், பாலக்கோடு போன்ற ஒரு வட்டாரத்தில், எளிதாகக் கிடைக்கும்.

குடும்ப வரலாற்றின் சாரம் இது. கணவர் வில்லியம் டெயிட் அயர்லாந்துக்காரர். பம்பாய் மாகாணத்தில் பிரிட்டிஷ் படையில் பணியாற்றியவர். பிள்ளை ஒன்று காலராவில் இறந்தது. கணவர் மகனோடு முன்னதாக யூட்டாவுக்குப் போனார். மனைவி பேறுகாலம் முடிந்து, கைக்குழந்தையான மகளோடு, பெற்றோர் தடுத்தும் கேளாமல், லிவர்பூல் வழியே பின்தொடர்ந்தார். அமெரிக்க மண்ணில் அக்குழந்தையையும் இழந்தார். பனிப்புயலில் சிக்கிய குழுவோடு உயிர் பிழைத்து, கணவரை அடைந்து, சீடார் சிட்டியில் குடியமர்ந்தார். வில்லி குழுவில் அவர் இருந்ததையும் சீடார் சிட்டியில் வாழ்ந்ததையும் ஐயுற இடமில்லை. மற்ற செய்திகள் குடும்ப நினைவின் வழி வந்தவை. அத்தகைய நினைவு பிழையே இல்லாதது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் குடும்ப நினைவு பிழைபடும்போது ஒன்றுமில்லாததிலிருந்து கதை கட்டுவது அரிது. கேட்ட செய்தியைக் கேட்பவரின் உலகத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்வதே பெரும்பாலும் நடக்கிறது. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டதில்தான் ஐயவாதிகளின் சறுக்கல் தொடங்குகிறது.

இந்துப் பிராமணப் பெண் என்ற வாசிப்பை நீண்ட நேரம் மறுக்க வேண்டியதில்லை. 1830-களில் பிறந்த ஒரு பிராமணச் சிறுமி பம்பாயில் கல்வி பெற்று, ஐரோப்பியப் படைவீரரை மணந்து, எந்தச் சலசலப்பும் இல்லாமல் வாழ்ந்திருக்க முடியாது. 1843-இல் ஸ்ரீபத் சேஷாத்ரி என்ற பிராமணச் சிறுவனை முன்னிட்டு, அவன் அண்ணன் கிறித்தவரானதன் தொடர்ச்சியாக, பம்பாயில் எழுந்த கொந்தளிப்பு நன்கு அறியப்பட்டது. 1848-இல் புணேயில் பூலே தம்பதியர் பெண்களுக்குப் பள்ளி திறந்தபோது எதிர்கொண்ட பகையும் அப்படியே. அந்த நகரத்தில், அந்த ஆண்டுகளில், ஒரு பிராமணப் பெண்ணின் வெளியேற்றம் அமைதியாக நடந்தது என்று நம்புவதற்கு வலுவான சான்று வேண்டும். அத்தகைய சான்று எதையும் எவரும் முன்வைக்கவில்லை. பெயரோ நேர் எதிராகவே பேசுகிறது. சேவியர் என்பது கத்தோலிக்கப் புனிதரின் பெயர். மார்மன் ஆனபோது புதிதாகச் சூட்டிக்கொண்ட பெயராகவும் அது இருக்க முடியாது. மார்மன்கள் புனிதர் வணக்கத்தை ஏற்காதவர்கள்.

பெயர் கத்தோலிக்கத்தைக் காட்டுகிறது என்பது வரை ஐயவாதிகளோடு எனக்கு உடன்பாடு. அங்கிருந்து அவர்கள் ஒரே தாவலில் போர்த்துக்கீசிய இரத்தத்துக்குப் போவதுதான் பொருந்தவில்லை. பெயர்களின் தென்னிந்திய, கொங்கண வரலாறு அந்தத் தாவலுக்கு இடம் தராது. 16-ஆம் நூற்றாண்டிலிருந்து கோவாவில் மதம் மாறிய உள்நாட்டுக் குடும்பங்கள் போர்த்துக்கீசியப் பெயர்களைக் குடும்பப் பெயராகவே ஏற்றன. இரத்தக் கலப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. கோவாவின் கிராமச் சமுதாயங்களைப் பற்றி 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய பிலிப் நெரி சேவியர் அந்த மண்ணில் பிறந்த கோவாக்காரர். அவர் தாங்கியதும் இதே பெயர்தான். பம்பாய்த் தீவுக்கு அடுத்த சால்செட்டிலும் வசாயிலும் உழவராகவும் மீனவராகவும் வாழ்ந்த கத்தோலிக்கர்களும் போர்த்துக்கீசியப் பெயர்களோடே வாழ்ந்தனர். ஆக, 1850-களின் பம்பாயில் இத்தகைய பெயர் கொண்ட ஒருவரைச் சந்தித்தால், அவர் ஐரோப்பிய வழியினராக இருப்பதைவிட உள்நாட்டுக் கத்தோலிக்கராக இருக்கவே வாய்ப்பு மிகுதி.

இதைவிட முக்கியமானது, சேவியர் ஒரு குடும்பப் பெயராகவே இருந்தாக வேண்டும் என்பதும் நிறுவப்படாத ஊகம் என்பது. பாலக்கோடு அடங்கிய பாரமகால் 1792-இல் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வருவதற்கு வெகு முன்பே, 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் சீரங்கப்பட்டணத்தில் சின்னாமி என்ற இத்தாலிய இயேசு சபைத் துறவி தொடங்கிய மைசூர் மிஷனின் செல்வாக்கு எல்லைக்குள் இருந்தது. இவ்வட்டாரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் சவேரியார், சவேரி, சவேரிமுத்து, சவேரியம்மாள் என்னும் பெயர்கள் தலைமுறைதோறும் வழங்கிவருகின்றன. இவை ஆட்பெயர்கள். ஒரு பெண்ணைப் பதிவேட்டில் குறிக்கும்போது தந்தையின் பெயரைச் சேர்த்து எழுதுவார்கள். அதை ஆங்கிலேய எழுத்தர் ஒருவர் படியெடுத்தால், தந்தையின் ஆட்பெயர் மகளின் குடும்பப் பெயராக உறைந்துவிடும். சவேரியின் மகள் எலிசபெத் என்பது எலிசபெத் சேவியர் என்றாகும். இன்றும் கடவுச்சீட்டு அலுவலகத்தில் தமிழர்களுக்கு நேர்வது இதுதான். எலிசபெத் தமிழர் என்று நான் சொல்லவில்லை. அதற்குச் சான்று இல்லை. ஆனால் படைப்பிரிவுகள் இடம் மாறியபோது வேலையாட்களும் சமையற்காரர்களும் சிறு வணிகர்களும் கூடவே நகர்ந்தனர்; கத்தோலிக்கக் குடும்பங்கள் மாகாண எல்லைகளைக் கடந்து வாழ்ந்தன. தந்தையின் ஆட்பெயர் என்ற வாய்ப்பை ஆராயாமலே, போர்த்துக்கீசியக் குடும்பப் பெயர் என்று தீர்ப்பெழுதுவது ஐரோப்பியப் பெயர் மரபை உலகப் பொதுவாக எண்ணுவதால் வரும் பிழை. இந்தப் பெயரிலிருந்து சமயம் தெரிகிறது, இனம் தெரியவில்லை.

கத்தோலிக்கர் என்றால் சாதி எப்படி வரும் என்று கேட்பவர் உண்டு. குடும்ப வரலாற்றைப் புனைவு என்று ஒதுக்கும் வாதம் முழுவதும் இந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது. தமிழ் வாசகருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. 1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி தெ நோபிலி பிராமணத் துறவியின் கோலத்தில் வாழ்ந்ததும், பின்னர் பண்டாரசாமிகள் என்ற வேறொரு துறவியர் வகை வேறு சாதியாருக்கென உருவானதும், சாதியோடு கிறித்தவத்தை ஏற்க வகை செய்தன. 1704-இல் போப்பின் தூதர் துர்னோன் புதுச்சேரியில் பிறப்பித்த ஆணையும், 1744-இல் போப் பதினான்காம் பெனடிக்ட் வெளியிட்ட ஆணையும் மலபார் சடங்குகள் எனப்பட்ட இத்தகைய வழக்கங்களைக் கட்டுப்படுத்த முயன்றன. கோயிலுக்குள் சாதி இருக்கைகள் அதற்குப் பின்னும் நீடித்தன. கோவாவில் நிலை இன்னும் தெளிவு. அங்கே மதம் மாறிய பிராமணர் பாமோண் என்ற பெயரில் தனிச் சாதியாகவே தொடர்ந்தனர். சர்தோ, சுதிர் என்ற பிரிவுகளும் நிலைத்தன. ஆலயச் சபைகளில் எந்தச் சாதிக்கு இடம் என்பதில் நெடுங்காலப் பூசல்கள் இருந்தன. பிழைப்புக்காகப் பம்பாய் வந்த கோவாக் கத்தோலிக்கர் இந்த வேறுபாடுகளைக் கையோடு கொண்டுவந்தனர். அத்தகைய வீட்டுப் பெண் ஒருவர், நான் உயர்ந்த சாதியில் பிறந்தவள் என்று யூட்டாவில் தன் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தால், அது பொய்யும் அல்ல, பெருமைக்குக் கட்டிய கதையும் அல்ல. கேட்ட பிள்ளைகளுக்கு இந்தியாவில் சாதி என்றால் இந்துச் சாதி மட்டுமே. பேரப்பிள்ளைகளின் காலத்தில் தாய் சொன்ன உண்மை இந்துப் பிராமண உருவம் எடுத்தது. பெயர், கல்வி, குடும்பத்தின் செல்வம், பெற்றோரின் எதிர்ப்பு ஆகிய நான்கையும் ஒருசேர விளக்குவது இந்த வாசிப்பு ஒன்றே. ஐயவாதிகளின் வாசிப்பு பெயரை மட்டும் விளக்கிவிட்டு மற்ற மூன்றையும் தள்ளிவிடுகிறது.

இதற்கு எதிரான வலுவான வாதம் வேறு திசையிலிருந்து வருகிறது. அதற்கு மதிப்பளிக்கத்தான் வேண்டும். மார்மன் முன்னோடிப் பெண்களின் குடும்ப வரலாறுகளுக்கு ஒரு பொது அச்சு உண்டு. நல்ல குடும்பம், வசதியான வீடு, புதிய சமயத்தைத் தழுவுதல், உறவினரின் எதிர்ப்பு, கடல், குழந்தையின் மரணம், சீயோன் எனப்பட்ட யூட்டா. ஆங்கிலேயப் பெண்களின் வரலாறுகளில் இந்த வரிசையைத் திரும்பத் திரும்பக் காணலாம். அங்கே கனவான் குடும்பம் இருக்கும் இடத்தில் எலிசபெத்தின் வரலாற்றில் உயர்சாதி வந்து அமர்கிறது. ஆகவே அது அச்சின் விளைவு என்பது அந்த வாதம். அச்சு இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அச்சில் வார்க்கப்பட்டதால் பொருள் பொய்யாகிவிடாது. 1851 ஜனவரியில் லிவர்பூலிலிருந்து ஜார்ஜ் டபிள்யூ. போர்ன் கப்பலில் புறப்பட்ட இலண்டன் கைம்பெண் ஜீன் ரியோ பேக்கரை எடுத்துக்கொள்வோம். வசதியான வீடு, துறந்து வந்த செல்வம், கடலில் இறந்த மகன் ஜோசயா என அச்சின் கூறுகள் அவர் வாழ்வில் நிறைந்துள்ளன. அவையெல்லாம் அவர் கையெழுத்திலேயே நாட்குறிப்பாக உள்ளன. அச்சு சிதைப்பது வேறொன்றை. யூட்டாவில் கனவுகள் குலைந்து 1869-இல் கலிபோர்னியாவுக்குப் போன அவர், தன் ஏமாற்றத்தையும் எழுதிவைத்தார். அந்தப் பகுதி பக்தி வரலாறுகளில் இடம் பெறுவதில்லை. முன்னோடிக் குடும்ப வரலாறு கூட்டிச் சொல்வதைவிட விட்டுவிடுவதே மிகுதி என்பதற்கு இது நல்ல சான்று. அந்த நோக்கில் எலிசபெத்தின் வரலாற்றைப் பார்த்தால், விடுபட்டது அவருடைய கத்தோலிக்கம் என்று கருதலாம். 19-ஆம் நூற்றாண்டு மார்மன் வீட்டில் ரோமச் சபை மதிப்புக்குரிய பிறப்பிடம் அல்ல. கத்தோலிக்கம் நீங்கியதும் மிஞ்சியது சாதி மட்டுமே. அது இந்து உடை உடுத்தியதில் வியப்பில்லை.

படைவீரரை மணந்த பெண் உயர்குலத்தவராக இருக்க முடியாது என்ற மறுப்பை நெடிது ஆராயத் தேவையில்லை. கம்பெனி இயக்குநர்கள் 1687-இலேயே சென்னைக் கோட்டைக்கு எழுதி, படைவீரர் உள்நாட்டுப் பெண்களை மணப்பதை ஊக்குவித்தனர். அடுத்த நூறு ஆண்டுகளில் இத்தகைய திருமணங்கள் பல நிலைகளில் நடந்தன. அயர்லாந்துக்காரரான வீரருக்கும் பம்பாய்க் கத்தோலிக்கப் பெண்ணுக்கும் இடையில் ஓர் ஆலயம் பொதுவாக இருந்திருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. வில்லியம் பிறப்பால் எந்தச் சபையினர் என்பது தெளிவாகும் வரை இதை வாய்ப்பாக மட்டுமே சொல்கிறேன்.

மார்மன் சபையின் கிழக்கிந்திய மிஷனின் எழுத்துகள் இங்கே உதவும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. 1852 செப்டம்பரில் பம்பாயில் இறங்கிய ஹியூ பின்ட்லேயும், 1853-இல் சென்னைக்கு வந்த ரிச்சர்டு பாலன்டைனும் ராபர்ட் ஸ்கெல்டனும் கடிதங்களும் குறிப்புகளும் விட்டுச்சென்றுள்ளனர். ஆனால் அவர்களிடம் வந்தவர்கள் பெரும்பாலும் படைவீரர்களும் அவர்தம் குடும்பத்தினரும். உள்நாட்டுச் சமூகப் பிரிவுகளில் இந்த மிஷனரிகளுக்கு நுண்ணறிவு கிடையாது. பர்மாவில் பணியாற்றித் திரும்பிய லீவை சாவேஜ் அதே வில்லி குழுவில் இருந்தார். பருவம் கடந்துவிட்டது, போகக் கூடாது என்று எச்சரித்தவரும் அவரே. கீழை நாடுகளை நேரில் அறிந்த அவரும் எலிசபெத்தும் ஒரே குழுவில் பனியில் நடந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஆயினும் சாவேஜ் எழுதிய பயணத் துன்பத்தின் நாட்குறிப்பில் குலவரலாற்றைத் தேடுவது பயன் தராது.

தேட வேண்டிய இடம் பம்பாய்ப் பங்குகளின் பதிவேடுகள். 1794 முதல் அந்நகரின் கத்தோலிக்கர் கோவாப் பேராயரின் ஆட்சிக்கும் ரோமின் நேரடி ஆட்சிக்கும் உட்பட்ட இரு பிரிவுகளாக இருந்தனர். கோவாக் குடும்பங்கள் பெரும்பாலும் முதல் பிரிவையே சார்ந்தன. ஆகவே எலிசபெத்தின் ஞானஸ்நானம் எந்தப் பிரிவின் பங்கில் பதிவாகியுள்ளது என்பதே பெரிய தடயம். அதற்கு முன் பார்க்க வேண்டியது இலண்டனில் இந்திய அலுவலக ஆவணங்களில் உள்ள பம்பாய்த் திருமணப் பதிவுப் படிகள். வில்லியம் டெயிட் படைவீரர் என்பதால் அவர் பெயரைக் கொண்டு தேடுவது எளிது. மணப்பெண்ணின் தந்தை சேவியர் என்ற ஒற்றைப் பெயரோடு மட்டும் குறிக்கப்பட்டிருந்தால், அது ஆட்பெயரே என்ற வாய்ப்பு வலுப்பெறும். அவருக்கு ஐரோப்பியப் பிறப்பிடமோ படைப் பதவியோ காட்டப்பட்டிருந்தால், கலப்பினம் என்ற கருத்தை ஏற்று இந்த வாதத்தைக் கைவிடுவேன்.