சுழல் அச்சு ஊட்டு வேகம்

சிஎன்சி மில்லிங்கில் ஏ, பி, சி எனப்படும் சுழல் அச்சுகள் இயங்கும்போது, ஜாபின் (வெட்டப்படும் பொருளின்) பரப்பில் கட்டர் முன்னேறும் வேகத்தை நிர்ணயிக்கும் முறை. நிமிட ஊட்டு முறையான ஜி94-இல் எஃப் (ஊட்டு வேக) மதிப்பு நேர் அச்சுகளுக்கு நிமிடத்துக்கு மி.மீ. ஆகும்; சுழல் அச்சு மட்டும் இயங்கினால் பெரும்பாலான கன்ட்ரோலர்கள் அதை நிமிடத்துக்கு டிகிரியாகக் கொள்ளும். எனவே பரப்பு வேகம் விட்டத்துக்கேற்ப மாறும். நிமிடத்துக்கு 300 மி.மீ. வேகம் பெற 50 மி.மீ. விட்டத்துக்கு எஃப் ஏறத்தாழ 688, 100 மி.மீ.க்கு 344 (வேகம் × 360 ÷ சுற்றளவு).

இருவகை அச்சுகளும் சேர்ந்து இயங்கும் இடமே சிக்கலானது. அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் 2000-இல் வெளியிட்ட ஆர்எஸ்274 நிரல் மொழி விளக்கத்தின்படி, எஃப் நேர்ப் பாதையை மட்டுமே கட்டுப்படுத்தும். சுழற்சி அதே நேரத்துக்குள் முடியும். சிறு நேர் நகர்வுடன் பெரிய சுழற்சி சேர்ந்தால் பரப்பு வேகம் எகிறிக் கட்டர் முறியலாம்.

தீர்வு ஜி93 எனும் தலைகீழ் நேர முறை. இதில் எஃப் என்பது அந்த நகர்வுக்கான நிமிடங்களின் தலைகீழி: 30 மி.மீ. பாதையை நிமிடத்துக்கு 300 மி.மீ. வேகத்தில் கடக்க 0.1 நிமிடம், ஆகவே எஃப்10. வெட்டும் வரி ஒவ்வொன்றிலும் எஃப் இடம்பெற வேண்டும். ஹைடன்ஹைன் கன்ட்ரோலரில் எம்116 கட்டளை சுழல் அச்சின் ஊட்டு வேகத்தை நிமிடத்துக்கு மி.மீ. ஆக ஏற்கும். ஐந்து அச்சு இயந்திரங்களில் ஃபானுக்கின் ஜி43.4 கட்டர் முனையின் வேகத்தையே நிலைநிறுத்தும். ஜி93 பகுதி முடிந்ததும் ஜி94-ஐயும் புதிய எஃப் மதிப்பையும் எழுதுவது கட்டாயம்.